தனியாக ஆட எந்தச் சீட்டாட்டம்? குளோண்டைக், ஃப்ரீசெல், ஸ்பைடர்: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுனில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பிற்பகல் ரொம்ப நீளம். பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக்கு உரம் போட்டவர்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள் எல்லாரும் விடியுமுன் எழுந்தே பழகியவர்கள். வேலை நின்றாலும் அந்த விழிப்பு நிற்பதில்லை. காலை பத்து பதினொன்றுக்குள் சமையல், துணி, வாசல் எல்லாம் முடிந்துவிடும். பிள்ளைகள் ஈப்போவிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். தொடர் நாடகத்தை எத்தனை மணி நேரம்தான் பார்ப்பது? "தனியா உட்கார்ந்து ஆடுற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லு தம்பி" என்று கேட்பவர்களுக்கு நான் சாலிடேர் சீட்டாட்டத்தைத்தான் சொல்வேன்.

ஆனால் சாலிடேர் என்பது ஒரே ஆட்டமில்லை. நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன. பொருந்தாத வகையில் தொடங்கியவர் கொஞ்ச நாளிலேயே "இது நமக்கு ஒத்துவராது" என்று சீட்டுக் கட்டை எடுத்து அலமாரிக்குள் போட்டுவிடுவார். அதனால் எதில் தொடங்குவது, அப்புறம் எதற்குப் போவது என்று முதலிலேயே யோசிப்பது நல்லது.

சீட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அதில் நியாயம் உண்டு. சம்பள நாளில் லயத்து வரிசை வீடுகளின் கோடியில் விரித்த பாயில் வீட்டுக்கு வரவேண்டிய பணத்தைத் தொலைத்த குடும்பங்களைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். சாலிடேரில் எதிராளியும் கிடையாது, பந்தயமும் கிடையாது. கலைந்து கிடக்கும் கட்டை ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் ஆட்டம். வீட்டில் பெரியவர்கள் தயங்கினால் இதை முதலிலேயே சொல்லிவிட்டுச் சீட்டை எடுங்கள்.

எந்த வகையானாலும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுவேன்: தோற்றால் அது யாரால்? சீட்டு விழுந்த விதத்தாலா, ஆடியவர் கையாலா? ஒருவருக்கு எந்த ஆட்டம் பிடிக்கும், எது வெறுத்துப்போகும் என்பது பெரும்பாலும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

முதலில் குளோண்டைக். வகையின் பெயரைச் சொல்லாமல் 'சாலிடேர்' என்று மட்டும் சொன்னாலே பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். 1990இல் விண்டோஸ் 3.0 உடன் சேர்ந்து வந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த வெஸ் செர்ரி எழுதிய நிரல் அது; சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். மௌஸைப் பிடித்து இழுத்து விடுவது என்னவென்றே தெரியாத காலத்தில், சீட்டை இழுத்து இழுத்தே பலர் மௌஸ் பழகிக்கொண்டார்கள்.

ஆடும் முறை இதுதான். ஏழு பத்திகள். முதல் பத்தியில் ஒரு சீட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஏழாவதில் ஏழு வரை, மொத்தம் 28. ஒவ்வொரு பத்தியிலும் கடைசிச் சீட்டு மட்டும் திறந்திருக்கும். மற்ற 21 சீட்டுகளும் கவிழ்ந்து கிடக்கும். மீதி 24 கையிருப்பு. பத்திகளில் பெரியதிலிருந்து சிறியதாக, நிறம் மாறி மாறி (ஸ்பேட், கிளாவர் கறுப்பு; ஹார்ட்டின், டைமன் சிவப்பு) அடுக்க வேண்டும்: கறுப்பு எட்டின் மேல் சிவப்பு ஏழு, அதன் மேல் கறுப்பு ஆறு. ஏஸ் கிடைத்ததும் மேலே தனியாக வைத்து, அதே சின்னத்தில் இரண்டு, மூன்று என்று ராஜா வரை ஏற்ற வேண்டும். நான்கு சின்னமும் ராஜாவரை ஏறினால் வெற்றி. ஒரு பத்தி காலியானால் அங்கே ராஜாவை மட்டுமே வைக்கலாம். இந்த ஒரு விதியில்தான் புதிதாக ஆடுகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியம்மா ஒருவர் இருக்கிறார். அவர் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பத்தியில் கிளாவர் எட்டு திறந்திருந்தது. அதன் மேல் வைக்க இரண்டு ஏழு இருந்தன. மூன்றாம் பத்தியில் ஹார்ட்டின் ஏழு, ஆறாம் பத்தியில் டைமன் ஏழு. பெரியம்மாவின் கை பக்கத்தில் இருந்த ஹார்ட்டினுக்குப் போனது.

"பெரியம்மா, எந்த ஏழுக்குக் கீழ அதிகம் மூடியிருக்கு?"

"ஆறாவதுல அஞ்சு இருக்கு. மூணாவதுல ரெண்டுதான்."

"அப்போ ஆறாவதை எடுங்க."

"மூணாவதை எடுத்தா சீக்கிரம் காலியாயிடுமேப்பா?"

"காலியானா அங்க வைக்க ராஜா இருக்கா?"

மேசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். டைமன் ஏழை எடுத்து வைத்தார். அடியில் இருந்து ஸ்பேட் ஏஸ் வந்தது. வராமலும் போயிருக்கலாம், ஆனாலும் எடுத்த முடிவு சரிதான். மூடிக் கிடக்கும் சீட்டு எங்கே அதிகமோ அங்கே முதலில் கை வைக்க வேண்டும். ராஜா கையில் இல்லாதபோது பத்தியைக் காலி செய்து ஒரு பயனும் இல்லை. குளோண்டைக்கில் பாதி சூட்சுமம் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

கையிருப்பை ஒவ்வொரு சீட்டாகத் திறந்தும் ஆடலாம், மூன்று மூன்றாகத் திறந்தும் ஆடலாம். புதியவர்களுக்கு ஒவ்வொன்றாகத் திறப்பதே நல்லது. மூன்று மூன்றாகத் திறக்கும்போது மேலே இருப்பதை மட்டும்தான் எடுக்க முடியும். 24 சீட்டில் 3ஆவது, 6ஆவது, 9ஆவது என்று எட்டுச் சீட்டுதான் முதல் சுற்றில் கண்ணில் படும். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் அடுத்த சுற்றில் அதற்குப் பின்னால் உள்ள வரிசை முழுக்க ஒரு இடம் நகர்ந்து, அதுவரை ஒளிந்திருந்தவை மேலே வரும். எதை எடுத்தால் எது மேலே வரும் என்று கணக்குப் போடுவதில்தான் அந்த வகையின் சுவை இருக்கிறது. ஆனால் ஆட்டம் பழகாதவருக்கு அது தலைவலி.

சரி, தோற்றால் யாரால்? மூன்று மூன்றாகத் திறக்கும் குளோண்டைக்கில், மூடிய சீட்டு எல்லாம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்கூட நூற்றுக்குச் சுமார் 82 ஆட்டத்தைத்தான் முடிக்க முடியும் என்று கணினியை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்கோ மூடியது மூடியதுதான். அதனால் சாதாரணமாக ஆடுபவர் ஜெயிப்பது அதைவிடப் பல மடங்கு குறைவு. நல்லபடி ஆடியும் தோற்கலாம், ஏனோதானோ என்று ஆடியும் ஜெயிக்கலாம். இது குறையென்று நான் சொல்லமாட்டேன். தோற்றால் "இன்னிக்குச் சீட்டு சரியில்ல" என்று கலைத்துவிட்டு அடுத்ததைப் போட முடிகிறது. மனசு லேசாக இருக்க வேண்டும் என்பவருக்கு இது சுகமான ஆட்டம். ஆனால் "நான் எங்கே தப்புப் பண்ணேன்?" என்று கேட்கும் சுபாவம் உள்ளவருக்குப் பதில் கிடைக்காது, அவர் சீக்கிரமே சலித்துப்போவார்.

அப்படிப்பட்டவருக்காகவே இருக்கிறது ஃப்ரீசெல். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் ஆடும் வடிவத்தை 1978இல் பால் அல்ஃபில் என்பவர் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் எழுதினார். பின்னர் விண்டோஸ் 95 உடன் சேர்ந்து வந்து வீடு வீடாகப் போனது.

இதில் ஒளிவுமறைவே இல்லை. 52 சீட்டும் முகம் மேலாக எட்டுப் பத்தியில் விரிந்து கிடக்கும். முதல் நான்கு பத்தியில் ஏழேழு, அடுத்த நான்கில் ஆறாறு. கையிருப்பு கிடையாது. பத்திகளில் நிறம் மாறி மாறி இறங்குவதும், ஏஸிலிருந்து மேலே ஏற்றுவதும் குளோண்டைக்கில் உள்ளபடியேதான். கூடுதலாக நான்கு காலி இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சீட்டைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கலாம். காலியான பத்தியில் எந்தச் சீட்டையும் வைக்கலாம், ராஜாதான் வேண்டும் என்பதில்லை.

சட்டப்படி ஒரு நேரத்தில் ஒரு சீட்டைத்தான் நகர்த்த வேண்டும். ஆனால் காலி இடம் இருந்தால் அடுக்காக இருக்கும் சில சீட்டுகளையும் நகர்த்திவிடலாம். சிவப்பு ஒன்பது, கறுப்பு எட்டு, சிவப்பு ஏழு என்று ஓர் அடுக்கு இருக்கிறது. இதைப் பக்கத்துப் பத்தியில் உள்ள கறுப்புப் பத்தின் மேல் கொண்டுபோக வேண்டும். ஏழை ஒரு காலி இடத்தில் வையுங்கள், எட்டை இன்னொன்றில் வையுங்கள், ஒன்பதைப் பத்தின் மேல் வையுங்கள். அப்புறம் எட்டு, அதன் மேல் ஏழு. இரண்டு காலி இடத்தைக் கொண்டு மூன்று சீட்டு நகர்ந்துவிட்டது. கணக்கு எளிது: காலி இடம் எத்தனையோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு பத்தியும் காலியாக இருந்தால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நான்கு இடமும் காலி என்றால் ஐந்து சீட்டு, அதோடு ஒரு பத்தியும் காலி என்றால் பத்துச் சீட்டு. காலிப் பத்திக்குள்ளேயே நகர்த்துகிறீர்கள் என்றால் அந்தப் பத்தியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

இந்த நான்கு இடமும் ஒட்டுக்கடைக் கடன் கணக்குப் புத்தகம் மாதிரி. எழுதிவிட்டு எடுத்துக்கொண்டு வருவது சுலபம். அடைக்கத்தான் வழி தெரிய வேண்டும். ஃப்ரீசெல்லில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே நான்கையும் நிரப்பிவிட்டுத் திண்டாடுகிறவர்கள்தான். முதல் சீட்டைத் தொடுவதற்கு முன் நான்கு ஏஸும் எங்கே இருக்கின்றன, இரண்டுகள் எங்கே என்று பாருங்கள். எது ஆழமாகப் புதைந்திருக்கிறதோ அதன் மேல் உள்ள சீட்டுகளைக் காலி இடத்தைத் தொடாமல் எங்கே வைக்கலாம் என்று யோசியுங்கள். அவசரப்படாமல் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பவர்தான் இதில் தேறுவார்.

தோற்றால் யாரால்? இங்கே பதில் தெளிவு: ஏறக்குறைய எப்போதும் நம்மால்தான். விண்டோஸில் வந்த பழைய ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டங்களுக்கு எண் போட்டிருந்தார்கள். 1994-95இல் இணையத்தில் பலர் சேர்ந்து எல்லாவற்றையும் பங்கு பிரித்துக்கொண்டு ஆடிப் பார்த்தார்கள். கடைசியில் யாராலும் முடிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று, 11982ஆம் எண் ஆட்டம். அதை முடிக்க வழியே இல்லை என்று பிறகு கணினியும் உறுதிசெய்தது. மற்ற அத்தனைக்கும் வழி உண்டு. அதாவது மேசையில் எட்டுப் பத்தி விரித்தால், எங்கேயோ ஒரு வழி இருக்கிறது என்ற நம்பிக்கையோடு உட்காரலாம். பிற்பகல் முழுக்க ஒரே ஆட்டத்தை வைத்துக்கொண்டு யோசிப்பதில் உள்ள நிறைவு இதிலிருந்துதான் வருகிறது.

ஸ்பைடர் இவை இரண்டுக்கும் மாறானது. இரண்டு கட்டு, 104 சீட்டு, பத்துப் பத்தி. முதல் நான்கு பத்தியில் ஆறாறு, மற்ற ஆறில் ஐந்தைந்து என்று 54 சீட்டு விரிக்க வேண்டும். மீதி 50ஐ ஐந்து தடவையாகப் பத்துப் பத்தாக எல்லாப் பத்திக்கும் போட வேண்டும். ராஜாவிலிருந்து ஏஸ் வரை ஒரே சின்னத்தில் பதின்மூன்று சீட்டு சேர்ந்தால் அந்த அடுக்கு மேசையை விட்டுப் போகும். அப்படி எட்டு அடுக்கு போனால் வெற்றி. எந்தச் சின்னத்தின் மேலும் எந்தச் சின்னத்தையும் இறக்கி வைக்கலாம், ஆனால் ஒரே சின்னமாக இருந்தால்தான் சேர்த்துத் தூக்க முடியும். கலந்து அடுக்கினால் நம் கையே நமக்குப் பூட்டுப் போட்டுவிடும். புதிதாகப் பத்துச் சீட்டு போடுமுன் எந்தப் பத்தியும் காலியாக இருக்கக்கூடாது என்பதும் விதி.

நான்கு சின்னத்தோடு ஆடும் ஸ்பைடர் கடினமானது. அதில் தொடங்கச் சொல்லி யாருக்கும் நான் சொல்லமாட்டேன். கைப்பேசியில் ஒரு சின்னம், இரண்டு சின்னம் என்று குறைத்துக்கொள்ள வசதி உண்டு. நிஜச் சீட்டிலும் அதைச் செய்யலாம்: சிவப்பெல்லாம் ஒரு சின்னம், கறுப்பெல்லாம் ஒரு சின்னம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு சின்ன ஸ்பைடர் ஆகிவிடும். சின்னத்தையே பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு சின்ன ஸ்பைடர். பால்மரம் வெட்ட முடியாத மழைநாளில் வீட்டோடு கிடக்கும் ஒருவருக்கு நேரம் போவதே தெரியாது.

ஆனால் இடம் வேண்டும். வழக்கமான பெரிய சீட்டு 63 மில்லிமீட்டர் அகலம். ஏழு பத்தி வைத்தால் 44 சென்டிமீட்டரும் இடைவெளியும். பத்துப் பத்தி என்றால் 63 சென்டிமீட்டரும் இடைவெளியும். பத்திகள் கீழ்நோக்கி நீண்டுகொண்டே வேறு போகும். லயத்து வீட்டின் சின்ன மேசையில் குளோண்டைக் நன்றாக அடங்கும், ஃப்ரீசெல் ஒருமாதிரி அடங்கும், ஸ்பைடர் அடங்காது. தரையில் பாய் விரித்து ஆடலாம்தான். முட்டி வலி உள்ளவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு சில சிறிய வகைகளும் உண்டு. கடிகார ஆட்டத்தில் சீட்டைக் கடிகார எண்கள்போல் வட்டமாகப் பன்னிரண்டு குவியல், நடுவில் ஒரு குவியல் என நான்கு நான்காக வைப்பார்கள். வந்த எண்ணுக்குரிய குவியலின் அடியில் செருகிவிட்டு, அந்தக் குவியலின் மேல்சீட்டைத் திறப்பதுதான் வேலை. இதில் நாம் முடிவெடுக்க எதுவுமே இல்லை. வெற்றி வாய்ப்பு சரியாகப் பதின்மூன்றில் ஒன்று. எவ்வளவு கவனமாக ஆடினாலும் அது மாறாது. எனக்கு இதில் ஈடுபாடில்லை. கோல்ஃப் என்பது திறந்த சீட்டுக்கு ஒன்று கூடவோ குறையவோ உள்ளதைப் பத்திகளிலிருந்து எடுத்துக்கொண்டே போகும் ஆட்டம்; சோறு வேகும் நேரத்துக்குள் ஒன்று ஆடிவிடலாம். பிரமிட் மட்டும் பேரப்பிள்ளைகளுக்காகக் கற்றுக்கொள்ள வேண்டியது. 28 சீட்டைக் கோபுரமாக அடுக்கி, கூட்டினால் 13 வரும் ஜோடிகளை எடுக்க வேண்டும். ஜாக்கிக்கு 11, ராணிக்கு 12, ராஜாவுக்கு 13, அதனால் ராஜா தனியாகவே போய்விடும். தமிழ்ப்பள்ளியில் முதலாம் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தால், பாட்டியோடு உட்கார்ந்து "எட்டும் அஞ்சும் பதிமூணு" என்று சீட்டை எடுக்கட்டும். கூட்டல் தானாக வரும்.

அடுத்தது, நிஜச் சீட்டா கைப்பேசியா? நம் ஊர் ஈரத்துக்குக் காகிதச் சீட்டு தாங்காது. உப்பிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே மின்விசிறி சுற்றினால் சீட்டு பறக்கும். பிளாஸ்டிக் சீட்டு கொஞ்சம் விலை கூடினாலும் உழைக்கும், துடைத்தும் வைக்கலாம். வழுக்காமல் இருக்க மேசையில் ஒரு துணி விரித்துக்கொண்டால் போதும். எண் பெரிதாக அச்சிட்ட சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் கைப்பேசித் திரையில் ஸ்பேடையும் கிளாவரையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது நியாயமில்லை. சீட்டைக் கையால் கலைத்து, எடுத்து, வைப்பதில் விரலுக்கும் வேலை இருக்கிறது. ரப்பர் வெட்டுக் கத்தி பிடித்த கைக்கு அது தேவை.

கைப்பேசியின் வசதி, கலைக்க வேண்டாம், விரிக்க வேண்டாம், ஸ்பைடரும் அடங்கும். தொல்லை, விளம்பரம். ஓர் ஆட்டம் முடிவதற்குள் எதையோ அழுத்தி எங்கேயோ போய்விட்டு, "தம்பி, போன் என்னமோ ஆயிடுச்சு" என்று வருபவர்கள் உண்டு. பல செயலிகளில் இணையத்தை அணைத்துவிட்டு ஆடினால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். அம்மா அப்பாவுக்குப் போட்டுக்கொடுப்பவர்கள், சீட்டு தானாக மேலே ஏறுவதையும் குறிப்புக் காட்டுவதையும் அமைப்புகளில் நிறுத்திவிட்டுக் கொடுங்கள். அவை இருந்தால் ஆடுவது அவர்கள் இல்லை, செயலிதான்.

செயலியில் செய்த நகர்வைத் திரும்ப எடுக்க உதவும், பின்னால் போகும் பொத்தானைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஃப்ரீசெல்லில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எல்லாச் சீட்டும் கண்முன்னே இருப்பதால் பின்னால் போவதில் புதிதாக எதையும் பார்த்துவிடுவதில்லை. யோசனையைத் திருத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். குளோண்டைக்கில் அது வேறு. மூடிய சீட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் போனால், தெரியக்கூடாத ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆடுகிறோம். அங்கே அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பதே ஆட்டத்துக்கு மரியாதை.

ஆக, கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் நிஜச் சீட்டில், ஒவ்வொன்றாகத் திறக்கும் குளோண்டைக். நிறம் மாறி அடுக்குவது கைக்குப் பழகும் வரைக்கும் அதுவே போதும். பொழுது போனால் சரி என்பவர் அதிலேயே இருக்கட்டும். அவரை ஃப்ரீசெல்லுக்கு இழுக்காதீர்கள். தோற்றதும் சீட்டைக் கலைக்க மனமில்லாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பவரைக் கண்டால், அன்றைக்கே ஃப்ரீசெல் விரித்துக் காட்டுங்கள். ஸ்பைடர் கைப்பேசியில், இரண்டு சின்னத்தோடு, ஆசைப்பட்டால் மட்டும்.

நிஜச் சீட்டில் ஃப்ரீசெல் ஆடும்போது, விரித்து முடித்ததும் முதல் சீட்டை நகர்த்துமுன் கைப்பேசியால் ஒரு படம் எடுத்து வையுங்கள். எல்லாம் திறந்தே இருப்பதால் அந்த ஒரு படம் போதும். வழி கிடைக்காமல் நின்றால் சாப்பிட்டு, தூங்கி, தேநீர் குடித்துவிட்டு வந்து, படத்தைப் பார்த்து அதே ஆட்டத்தை மறுபடியும் விரித்து, வேறு ஏஸிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.